பாதி இறங்கிய ஷட்டர்

அந்த அக்கா எதையும் ஒரு தடவைதான் சொல்வார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடைசி பிளாட்பாரத்தை ஒட்டி ஒரு பார்சல் ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்றால் ஒரு சின்ன அறை. முன்னால் இரும்பு ஷட்டர். பின்னால் ஜன்னல் கிடையாது. கடலூர் போகிற தனியார் பஸ்களில் மருந்துப் பெட்டி, மோட்டார் சாமான், தைத்த துணி, பத்திரிகைக் கட்டு என்று அனுப்புகிறவர்கள் அங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். அக்கா எடை போடுவார். சீட்டு எழுதுவார். பெட்டி மேல் ஊர் பெயரைக் கறுப்பு மையில் பெரிதாக எழுதுவார். கண்டக்டர்கள் வந்து எடுத்துப் போவார்கள். காலை ஏழரைக்கு ரயிலை விட்டு இறங்கி வந்தால் சாயங்காலம் வரைக்கும் அந்த அறைதான் அவருக்கு. வீடு கடலூர் முதுநகரில், சர்ச்சுக்குப் பக்கத்துத் தெரு.

நான் அந்த ரூட்டில் டிரைவர். எட்டாவதோடு நின்றவன். கிளீனராக ஏறி டிரைவர் ஆனேன்.

என் கண்டக்டர் பாலு ஒரு நாள் பார்சல் எடுக்கப் போனவன், போன் வந்ததும் பேசிக்கொண்டே அங்கிருந்த அட்டைப்பெட்டி மேல் உட்காரப் போனான்.

"பாலு, அதுல உக்காராதீங்க. கண்ணாடி இருக்குது" என்றார் அக்கா.

பாலு தலையை ஆட்டிவிட்டு நின்றான். பேச்சு நீண்டது. சிரித்துக்கொண்டே மறுபடி உட்காரப் போனான். அக்கா அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்தான். உள்ளே இருந்தது புதுச்சத்திரத்தில் யாருக்கோ போகவேண்டிய கல்யாண போட்டோ. கண்ணாடி இரண்டாகப் போய்விட்டது.

அக்கா எழுந்துபோய் மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"ஏங்கா, நான் உக்காரப் போறதப் பாத்தீங்க இல்ல? இன்னொருவாட்டி சொல்லியிருந்தா என்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

"மொதவாட்டி சொன்னது காதுல விழலயா?"

"விழுந்துச்சு."

"விழலன்னா இன்னொருவாட்டி சொல்லியிருப்பேன். விழுந்துச்சு இல்ல?"

பாலு கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான். "மச்சான், இந்த அக்காவ ஹெட்மாஸ்டரா போட்டிருந்தா ஸ்கூல்ல பாதிப் பேரு பெயிலு."

அக்காவும் சிரித்தார். சிரிக்கும்போது புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார். அந்தத் தலைப்பு எந்த நிறமாக இருந்தாலும் ஓரம் மட்டும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும்.

அது ஏன் அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் எல்லா வண்டியும் மூக்கை பிளாட்பாரத்துக்குள் விட்டுத்தான் நிற்கும். கிளம்பும்போது பின்னால் எடுத்து, திருப்பி, வெளியே போகவேண்டும். எங்கள் வண்டிக்கு இரண்டு நிமிஷம் பின்னாலேயே இன்னொரு கம்பெனி வண்டி. வழியில் ஆலப்பாக்கத்திலும் முட்லூரிலும் நிற்கிற ஜனம் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு. அதனால் நான் ரிவர்ஸில் உள்ளே விட்டேன். கிளம்பும்போது நேராக ரோட்டுக்குப் போய்விடலாம். அரை நிமிஷம் மிச்சம். அந்த ஸ்டாண்டில் அப்படி நிறுத்தியவன் நான் ஒருத்தன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ரிவர்ஸில் விட்டால் சைலன்சர் வாய் அக்காவின் ஷட்டருக்கு நேராக வரும். நாலு முழ தூரம்கூட இருக்காது.

நின்றாலும் இன்ஜினை அணைக்கமாட்டோம். எங்கள் ரூட்டில் அது பழக்கம். எட்டு நிமிஷம் நிற்கவேண்டும். அணைத்துவிட்டால் இந்த வண்டி இப்போதைக்குக் கிளம்பாது என்று ஆட்கள் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். அதனால் ஓடவிட்டபடியே ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்தி விடவேண்டும். வண்டி உறுமும். குலுங்கும். இதோ கிளம்பிவிட்டது என்று ஜனம் ஓடிவந்து ஏறும். பாலு படியில் நின்று "கடலூர், கடலூர், ஏறு ஏறு, எடுத்தாச்சு" என்பான். எட்டு நிமிஷமும் எடுத்தாச்சுதான்.

ஒவ்வொரு அழுத்தலுக்கும் பின்னால் கறுப்பாக ஒரு மூட்டை புகை போகும். கண்ணாடியில் பார்ப்பேன்.

அக்கா ஒரு நாள் வெளியே வந்தார். டிரைவர் பக்கம் சுற்றிவந்து, கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, வண்டிய இப்படித் திருப்பி வுடாதீங்க. பொக அத்தனயும் ரூமுக்குள்ளதான் வருது. மூச்சு வுட முடியல."

"சரிக்கா."

அவ்வளவுதான் பேச்சு. திரும்பிப் போய்விட்டார்.

இரண்டு நாள் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினேன். மூன்றாம் நாள் பின்னால் வருகிறவன் முட்லூரில் என்னைத் தாண்டிப் போனான். போகும்போது ஹார்ன் அடித்துக் கையாட்டிவிட்டுப் போனான். நாலாம் நாள் நான் பழையபடி ரிவர்ஸில் விட்டேன். அக்கா வந்து கேட்பார் என்று பார்த்தேன். கேட்டால் சொல்ல பதில்கூட வைத்திருந்தேன். முதலாளி திட்டுகிறார், என்ன செய்வது என்று.

அவர் வரவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார். ஒரு கம்பியால் ஷட்டரைக் கொக்கி போட்டுப் பாதிவரை இழுத்துவிட்டார். உள்ளே லைட் எரிந்தது. அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. நான் கிளம்பிப் போனதும் திறந்திருப்பார்.

அடுத்த தடவை வந்தபோதும் அப்படித்தான். அதற்கு அடுத்த தடவையும். என் வண்டி உள்ளே வந்தால் ஷட்டர் பாதி இறங்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை. வருஷக்கணக்காக. ஒவ்வொரு தடவையும் இரும்பு கிரீச்சிடும் சத்தம் எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டேதான் ஆக்சிலேட்டரை அழுத்துவேன். பழகிவிட்டது. பாதி ஷட்டரில் புகை நிற்காது என்று எனக்குத் தெரியாதா? புகைக்கு மேலே போகத் தெரியும், கீழேயும் போகத் தெரியும்.

அவர் ஒரு தடவை சொன்னது என் காதில் விழவில்லை என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

என் மனைவிக்கு இரண்டாவது பிரசவம் சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆனது. ஆபரேஷன். நான் லீவு போடவில்லை. ஓட்டுவேன், நடுவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். அக்கா என்னைப் பார்த்து, "சாப்டீங்களா தம்பி?" என்றார்.

"ஆச்சுக்கா" என்றேன். ஆகவில்லை.

அவர் மறுபடி கேட்கவில்லை. மறுநாள் காலையில் முதல் டிரிப்பில் பாலு ஒரு டிபன் கேரியரைக் கொண்டுவந்து என் சீட்டுக்குப் பின்னால் வைத்தான். "பார்சல் மச்சான். உன் பேருக்கு வந்திருக்குது." மேல் மூடியில் ஒரு சீட்டு ஒட்டி, மற்ற பெட்டிகளில் எழுதுகிற மாதிரியே கறுப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தார். 'டிரைவர்.' உள்ளே இட்லியும் சுட்ட கருவாடும். இன்னொரு அடுக்கில் என் மனைவிக்கு மிளகு ரசம் சாதம். ஆறு நாள் வந்தது. ரயிலில் முதுநகரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

கேரியரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எதுக்குக்கா இதெல்லாம்" என்றேன்.

"சாப்டீங்க இல்ல?"

"சாப்ட்டோம்."

"அப்புறம் என்னா."

ரிவர்ஸில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்த்தான் அந்தக் கேரியரைக் கொடுத்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

புகை அவ்வளவு கறுப்பாக வந்ததற்கும் காரணம் இருக்கிறது. இன்ஜினில் டீசல் பம்ப்பில் ஒரு ஸ்க்ரூ உண்டு. அதைக் கொஞ்சம் திருகினால் டீசல் ஜாஸ்தி போகும். பிக்கப் கிடைக்கும். டீசல் முழுக்க எரியாமல் கரியாக வெளியே வரும். மெக்கானிக்குகள் எல்லாருக்கும் இது தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி.க்கு, அதாவது வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டித் தகுதிச் சான்று வாங்கப் போகும்போது, ஸ்க்ரூவைக் குறைப்போம். புகை நின்றுவிடும். சான்று வாங்கிக்கொண்டு வந்ததும் மறுபடி ஏற்றுவோம்.

ஒரு வருஷம் எஃப்.சி. முடிந்து வந்த அன்று மெக்கானிக் ஊரில் இல்லை. மங்கலம்பேட்டையில் ஏதோ காதுகுத்து. ஸ்க்ரூவை ஏற்றாமலே அன்றைக்கு ஓட்டினேன். புது பெயின்ட். புகை கண்ணுக்குத் தெரியவில்லை. சிதம்பரத்தில் ரிவர்ஸில் விட்டேன். ஷட்டர் சத்தம் கேட்கவில்லை. அக்கா வாசலில் நின்று சைலன்சர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"சரி பண்ணிட்டீங்களா தம்பி? நல்லாயிருக்குது இன்னிக்கு."

நான் சிரித்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"மாதா உங்கள நல்லா வச்சிருக்கட்டும்" என்றார்.

மறுநாள் மெக்கானிக் வந்து ஏற்றிவிட்டான். பத்தே முக்காலுக்கு சிதம்பரத்தில் நின்று நான் ஆக்சிலேட்டரை அழுத்தியபோது அக்கா வாசலிலேயேதான் இருந்தார். புகை அவர் முகத்தில் அடித்தது. பிறகு கம்பியை எடுத்தார்.

"பாவம்டா மச்சான்" என்றான் பாலு.

"பாவம் பாத்தா வண்டி ஓட்ட முடியாது" என்றேன். இதை எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஜனவரியில் புது காலண்டர் கொடுக்கப் போனேன். எங்கள் கம்பெனி காலண்டர். அக்கா பழையதைக் கழற்றினார். அதற்குப் பின்னால் சுவர் வெள்ளையாக இருந்தது. சதுரமாக, கோடு போட்டது மாதிரி. அதைச் சுற்றி மற்ற சுவர் எல்லாம் கரி. அந்த அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாதா படத்தை மட்டும் தினமும் துடைப்பார் போல. அது பளிச்சென்று இருந்தது.

அக்கா என் கையிலிருந்து புதுக் காலண்டரை வாங்கி அந்த வெள்ளைச் சதுரத்தின் மேலேயே மாட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வருஷத்திலிருந்து அவருக்கு பிரஷர் மாத்திரை. தலை கனக்கிறது என்பார். ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலப் படியில் நடுவில் ஒரு தடவை நின்று ஏறுகிறார் என்று பாலு சொன்னான். "வயசாச்சு இல்ல" என்றேன். ஐம்பதுகூட ஆகவில்லை அவருக்கு.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எட்டு மணி டிரிப்பில் ஷட்டர் பாதி இறங்கியது. சத்தம் கேட்டேன். பாலு போய் இரண்டு மருந்துப் பெட்டி எடுத்து வந்தான். கடலூர் போய்விட்டு, பத்தே முக்காலுக்குத் திரும்ப வந்தேன். ரிவர்ஸில் விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எழுந்திருக்கவில்லை.

பழகிவிட்டது போல என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஆக்சிலேட்டரை அழுத்தினேன். புகை திறந்த ஷட்டருக்குள் நேராகப் போனது. அன்றைக்கு முகூர்த்த நாள், கூட்டம். பாலு ஏற்றிக்கொண்டிருந்தான். எட்டு நிமிஷமும் அழுத்தி அழுத்தி விட்டேன். கிளம்பும் நேரத்தில் பாலு பார்சல் எடுக்க ஓடினான். அவன் கத்துவது இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டியதைப் பார்த்துத்தான் இறங்கினேன்.

அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். இடது கை தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். ஷட்டர் இழுக்கிற கம்பி அவர் காலடியில் கிடந்தது. எடுக்கப் பார்த்திருக்கிறார்.

பாலுவை வண்டியோடு இருக்கச் சொல்லிவிட்டு நானே தூக்கினேன். கனமே இல்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். புடவையெல்லாம் டீசல் புகை வாசனை. என் சட்டையில் அடிக்கிற அதே வாசனை.

டாக்டரம்மா சின்ன வயது. வேகவேகமாகக் கேட்டார்.

"நீங்க யாரு இவங்களுக்கு?"

"தெரிஞ்சவங்க."

"கடைசியா எத்தன மணிக்கு நல்லா இருந்தாங்க?"

எட்டு மணிக்கு நன்றாக இருந்தார். ஷட்டரை இறக்கினாரே. சொன்னால், ஷட்டரை எதற்கு இறக்கினார் என்று கேட்பார்கள். பத்தே முக்காலுக்கு இறக்கவில்லை என்று சொன்னால், அதைப் பார்த்துக்கொண்டு எட்டு நிமிஷம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றியது.

"தெரியலங்க. நாங்க போனப்பவே இப்படித்தான் இருந்தாங்க" என்றேன்.

அக்காவின் மகளுக்கு போன் போட்டார்கள். கடலூரில் ஜவுளிக் கடையில் வேலை. காலையில் ஆறு மணிக்கு அம்மா வீட்டை விட்டுக் கிளம்பும்போது நன்றாக இருந்தார் என்று அந்தப் பெண் சொன்னது. டாக்டரம்மா ஆறு மணி என்று எழுதிக்கொண்டார். பாலுவைக் கேட்டிருந்தால் எட்டு மணி என்று சொல்லியிருப்பான். அவர்கள் என்னைத்தான் கேட்டார்கள்.

"வீட்டுல வெறகு அடுப்பா? யாராச்சும் சிகரெட் பிடிப்பாங்களா?"

"இல்லங்க."

"வேலை செய்யற எடத்துல பொக இருக்குமா?"

"கொஞ்சம்" என்றேன்.

மகள் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. டாக்டரம்மா அந்தப் பெண்ணை உட்காரவைத்துச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கிறது, ஆனால் ஆரம்பித்துச் சில மணி நேரத்துக்குள் போடவேண்டும். "ஆறு மணிக்கு அப்பறம் எப்போ வேணா ஆரம்பிச்சிருக்கலாம். நேரம் சரியா தெரியாம போட்டா உள்ள ரத்தம் கசியும், ஆபத்து. அதனால போட முடியல."

என் காதில் விழுந்தது. அப்போதும் நேரம் எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. அதற்குள் அந்த நேரமும் தாண்டிவிட்டிருந்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

"எப்படிங்க மேடம் வந்துச்சு? அம்மாவுக்கு சுகர்கூட கெடையாதே" என்றது அந்தப் பெண்.

"பிரஷர் இருக்கு. அது ஒண்ணு. பஸ் ஸ்டாண்டுல வருஷக்கணக்கா இருந்திருக்காங்க, அந்தப் பொகயும் ஒரு காரணமா இருக்கலாம். டீசல் பொகயில ரொம்ப நுணுக்கமான கரித்தூள் இருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாது. மூச்சுல போயி நெஞ்சோட நிக்காது, ரத்தத்துலயும் கலக்கும். ரத்தக்குழாய் உள்பக்கம் வழவழன்னு இருக்கணும். இது அதப் புண்ணாக்கும். நாளாக நாளாக கொழாய் வெறச்சுப் போகும். பிரஷர் ஏறும். ரத்தம் கட்டும். பொக ஜாஸ்தியான அன்னிக்கே அடைச்சுக்கிறதும் உண்டு. இதனாலதான்னு ஒரு ஆளக் காட்டி அடிச்சுச் சொல்ல முடியாது. இருக்கலாம்."

எனக்கு ரேடியேட்டர் ஹோஸ் ஞாபகம் வந்தது. புதிதில் வளையும். சூடுபட்டுச் சூடுபட்டு விறைத்துப்போகும். பிறகு ஒரு நாள் நடுரோட்டில் விடும். ஹோஸ் விறைத்திருக்கிறதா என்று நான் வாரம் ஒரு தடவை கையால் அழுத்திப் பார்ப்பேன்.

பாலுவிடம் சொன்னேன். அவன் எனக்காகவே யோசித்துச் சொன்னான். "இருக்கலாம்னா இல்லாமலும் இருக்கலாம் மச்சான். ஸ்டாண்டுல எத்தன வண்டி ஓடுது. உன் வண்டிதானா?"

அந்த 'இருக்கலா'மைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் தூங்கினேன். ஆனால் அந்த அறைக்கு நேராகச் சைலன்சரை வைத்தது எத்தனை வண்டி? ஒரு வண்டி.

அடுத்த வாரத்திலிருந்து மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினேன். அணைத்தும் வைத்தேன். மெக்கானிக்கிடம் சொல்லி ஸ்க்ரூவைக் குறைத்தேன். பின்னால் வருகிறவன் தாண்டிப் போனான். முதலாளி இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் விட்டுவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அந்த அரை நிமிஷத்துக்கு அவ்வளவுதான். பார்சல் ஆபீசில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தது. ஷட்டரை ஏன் கம்பி போட்டு இழுக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. கம்பியை அண்டைக் கடைக்காரர் வாங்கிப் போய்விட்டார்.

நாலு மாதம் கழித்து முதுநகருக்குப் போனேன். என் வார லீவு அன்றைக்கு, மத்தியானம். கையில் சாத்துக்குடி. மகள்தான் கதவைத் திறந்தது.

"அம்மா, யாரு வந்திருக்காங்கன்னு பாரு. உன்னத் தூக்கினு வந்த அண்ணன்மா." என் பக்கம் திரும்பியது. "நீங்க மட்டும் இல்லன்னா அன்னிக்கு அம்மா இல்லண்ணா. சர்ச்சுல உங்களுக்குந்தான் வேண்டிக்கிறோம்."

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. உட்காரச் சொன்னதால் உட்கார்ந்தேன்.

அக்கா ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. வாய் கொஞ்சம் சரியாகியிருந்தது. பேச்சு முழுதாக வரவில்லை. ஒரு சொல், அரைச் சொல். என்னைப் பார்த்ததும் வலது கையால் தலைப்பை எடுத்து வாயை மூடினார். சிரித்தார் என்று புரிந்துகொண்டேன். தலைப்பு ஓரம் வெள்ளையாக இருந்தது.

"சா..." என்றார். "சாப்..."

சாப்பிட்டாயா என்று கேட்கிறார்.

"ஆச்சுக்கா" என்றேன். ஆகவில்லை. இப்போதும் ஆகவில்லை.

மகள் காபி போட உள்ளே போனது. ஜன்னலுக்கு வெளியே மீன் ஏற்றுகிற லாரி ஒன்று பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. நான் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். சத்தம் வரவில்லை.

"ஷட்டர் எறங்காததப் பாத்தேங்கா. பாத்துட்டும் வண்டிய நிறுத்தல. எட்டு மணிக்கு நீங்க நல்லாயிருந்தது எனக்குத் தெரியும். டாக்டர் கேட்டப்போ தெரியாதுன்னுட்டேன்."

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாதி முகத்தில் எதுவும் தெரியாது, அது நோய். மற்ற பாதியிலும் தெரியவில்லை.

வலது கையைத் தூக்கிக் காதருகே கொண்டுபோனார்.

"எ... என்னா?" என்றார்.

லாரி போய்விட்டிருந்தது. வீடு அமைதியாக இருந்தது. இப்போது சொல்லலாம். காதில் விழவில்லை என்றால் இன்னொரு தடவை சொல்லவேண்டும். அது அவர் வைத்த வழக்கம்தான். உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. மகள் வந்துவிடும்.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். "ஒடம்பப் பாத்துக்கங்கன்னேன்."

அக்கா கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் காதருகேயே வைத்திருந்தார். பிறகு இறக்கினார். மறுபடி கேட்கவில்லை.

காபியைக் குடித்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது மகள் பின்னால் வந்தது. "அம்மா என்னமோ கேக்குறா மாதிரி இருக்குதுண்ணா. நீங்க எதாச்சும் சொன்னீங்களா?"

"டிரிப்புக்கு நேரமாச்சும்மா" என்றேன். அன்றைக்கு எனக்கு டிரிப் இல்லை.

மழைக்காலம் வருவதற்கு முன்னாலேயே இரண்டாவது தடவை அடைத்து அக்கா போய்விட்டார். மகள் போன் செய்து சொன்னது. அடக்கத்துக்குப் போனேன். எல்லாரும் கடைசியாக முகம் பார்த்தார்கள். நான் கல்லறை கேட்டுக்கு வெளியில், தெருவில் நின்றேன்.

எனக்கும் இப்போது பிரஷர் மாத்திரை. காலையில் ஒன்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.